மூன்றாவது மாடிச் சுவரில் பூஞ்சை: யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: மும்பை செம்பூரில் மூன்றாவது மாடியில் சொந்த பிளாட். கட்டடத்துக்கு வயது 32. மேற்குப் பார்த்த படுக்கையறைச் சுவரில் மூன்று வருடமாக மழைக்காலத்தில் கறுப்பாகப் பூஞ்சை பூக்கிறது. போன தீபாவளிக்கு முன்னால் 'வாட்டர்ப்ரூஃப்' பெயின்ட் அடித்தோம், இந்த ஜூலையில் அது கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. வார்ட்ரோபுக்குள் என் கூறைப்புடவையில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. மேல்மூலையில் சீலிங் ஓரமாகப் பழுப்புக் கோடு ஒன்றும் தெரிகிறது. அதற்கு மேலே நான்காவது மாடிக்காரர்களின் பாத்ரூம். மாமியாருக்கு ஆஸ்துமா, ஆறு வயது மகனுக்கு இருமல் நிற்கவில்லை. பூஞ்சை ட்ரீட்மென்ட் செய்பவர் ஒருவர் வந்து பார்த்து, இது தரையிலிருந்து ஏறுகிற ஓதம், சுவரில் ஊசி போட்டு மருந்து ஏற்றி, அறைக்குள் புகை மருந்து அடித்தால் ஐந்து வருடம் வாரன்டி என்று 68,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? இது கொரோனா சமயத்தில் சொன்ன அந்தக் கறுப்புப் பூஞ்சையா என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். மண்ணிலிருந்து செங்கல் வழியாக ஏறும் ஓதம் தரைத்தளத்துச் சுவரில்தான் வரும், அதுவும் பெரும்பாலும் இடுப்பு உயரத்தோடு நின்றுவிடும். கீழே இரண்டு மாடிகளையும் காய்ந்தபடி விட்டுவிட்டு அது உங்கள் மூன்றாவது மாடிக்கு ஏறி வராது. அதைச் சொல்லி ஒருவர் விலைச்சீட்டு எழுதுகிறார் என்றால், ஒன்று அவருக்குக் கட்டடம் தெரியவில்லை, இல்லை தெரிந்தே சொல்கிறார். இரண்டில் எதுவானாலும் அவரிடம் உங்கள் சுவரைக் கொடுக்கக் கூடாது.

அடுத்து உங்கள் பயம். 2021-இல் கறுப்புப் பூஞ்சை என்று எல்லோரும் பேசியது மியூக்கர்மைகோசிஸ் என்ற தொற்று. அது தாக்கிய திசு செத்துக் கறுத்துப்போவதால் அந்தப் பெயர் வந்தது. சுவரில் தெரியும் கறுப்புக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. ஈரச் சுவரில் வழக்கமாக வளர்வது கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்றவை. நிறத்தைப் பார்த்து எது எவ்வளவு கெடுதல் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கும் குழந்தைக்கும் எந்தப் பூஞ்சையும் ஆகாது. வீட்டு ஓதத்துக்கும் மூச்சுத் தொல்லைக்கும் உள்ள தொடர்பை உலக சுகாதார நிறுவனமே 2009-இல் தனி வழிகாட்டி போட்டுச் சொல்லியிருக்கிறது. அதனால் இன்று ராத்திரியிலிருந்தே மகனும் மாமியாரும் வேறு அறையில் படுக்கட்டும், ஹாலில் பாய் விரித்தாவது. இருமலை டாக்டரிடம் காட்டும்போது வீட்டில் பூஞ்சை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பலரும் அதைச் சொல்லாமலே வந்துவிடுகிறார்கள். அப்புறம், வாடை போகட்டும் என்று அந்த அறையில் சாம்பிராணி போடுகிற வழக்கம் இருந்தால் இப்போதைக்கு நிறுத்துங்கள். வாடை மறையும், பூஞ்சை அப்படியேதான் இருக்கும், மாமியாரின் நெஞ்சுக்குள் புகை போவதுதான் மிச்சம்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். பூஞ்சையின் விதை காற்றில் எப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கிறது, உங்கள் வீட்டில் மட்டுமில்லை, இந்த ஊரில் எல்லா வீட்டிலும். அதை ஒட்டுமொத்தமாக ஒழிக்கிற மருந்து என்று ஒன்று கிடையாது. ஈரம் கிடைத்த இடத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே முளைவிடும், ஈரம் இல்லாவிட்டால் வளராது. ஆக நீங்கள் காசு கொடுத்துக் கூப்பிட வேண்டியது, அந்தச் சுவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துக் காட்டுகிற ஆளை. மருந்து அடிக்கிறவர் அதற்குப் பிறகுதான், பல வீடுகளில் அவர் தேவையே படுவதில்லை. இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் கட்டட ரிப்பேர் பார்க்கிறேன். மூன்று தடவை பெயின்ட் அடித்தும் போகாத பூஞ்சை, ஒரு குழாய் மூட்டை மாற்றியதும் போனதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வீடு முலுண்டில். ஏசிக்குக் கீழே சுவர் ஓர் ஆள் அகலத்துக்குக் கறுத்திருந்தது. வெளிச்சுவர் லீக்கேஜ் என்று முடிவுகட்டி, ஜூலா (கயிற்றில் தொங்கும் சாரம்) கட்டி வெளிப்பக்கம் கோட்டிங் வரைக்கும் அடித்துவிட்டார்கள். எந்த மாதத்தில் ஜாஸ்தி என்று கேட்டேன். "மே மாசத்துல சார்" என்றார் அந்த வீட்டுப் பெரியவர். மே மாதத்தில் மும்பையில் எங்கே மழை? ஏசிதான் ராப்பகலாக ஓடும். அதன் தண்ணீர் வடிகிற குழாயைச் சுவருக்குள்ளே புதைத்திருந்தார்கள், உள்ளே ஒரு மூட்டு விட்டுப்போய், சொட்டுச் சொட்டாகச் செங்கல் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எந்த மாதம், எந்த நேரம் என்ற அந்த ஒரு கேள்வியை அதற்கு முன்னால் வந்த யாரும் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் சந்தேகப்பட மூன்று இடங்கள் இருக்கின்றன.

முதலாவது வெளிச்சுவர். தென்மேற்குப் பருவமழை காற்றோடு வந்து அடிப்பது மேற்கிலும் தெற்கிலும்தான். 32 வருடக் கட்டடத்தில் வெளிப்பூச்சு மயிரிழையாக வெடித்திருக்கும், ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் சஜ்ஜாவும் சுவரும் சேரும் இடம் பிளந்திருக்கும், டக்ட் (குழாய்கள் இறங்கும் இடைவெளி) வழியாக வரும் குழாய் சுவருக்குள் நுழைகிற ஓட்டையில் சிமென்ட் உதிர்ந்திருக்கும். மழை தொடங்கிய பத்துப் பதினைந்து நாளில் சுவர் கறுக்கத் தொடங்கி, நவம்பர் டிசம்பரில் தானாகக் காய்ந்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். தண்ணீர் நேராக வராது என்பதையும் கவனத்தில் வையுங்கள். வெடிப்பு ஐந்தாவது மாடியில் இருக்கலாம், கசிவு உங்கள் வீட்டில் எட்டிப் பார்க்கலாம்.

இரண்டாவது மேல்வீட்டு பாத்ரூம். தரையில் தண்ணீர் வடிகிற நஹானி டிராப்பைச் சுற்றியோ, டைல்ஸ் இடுக்கிலோ, கமோடு மூட்டிலோ இறங்கும் தண்ணீருக்கு மழைக்காலம் வெயில்காலம் என்று கிடையாது. பிப்ரவரியிலும் அந்த மூலை ஈரமாக இருந்தால் சந்தேகத்தை மேலே திருப்புங்கள். இதற்குச் சோதனை சுலபம். மேல்வீட்டுக்காரர்களிடம் நயமாகப் பேசி, டிராப்பை அடைத்து, பாத்ரூம் தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி, சாயப்பொடி கொஞ்சம் கலந்து 48 மணி நேரம் விடச் சொல்லுங்கள். நிறம் உங்கள் சீலிங்கில் இறங்கினால் பேச்சுக்கே இடமில்லை. இறங்காவிட்டாலும் தேக்கிய மட்டம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதை யாரும் நினைப்பதில்லை: உங்கள் அறைக்குள் இருக்கும் காற்று. ஜூலை ஆகஸ்டில் மும்பைக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போகிறது. அந்தக் காற்று 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் வியர்க்கும். ராத்திரி முழுக்க ஏசியை 20-இல் வைத்துவிட்டு, காலையில் அணைத்து, காற்றோட்டம் வரட்டும் என்று ஜன்னலைத் திறக்கிறோம் இல்லையா, அந்த நேரத்தில் குளிர்ந்து கிடக்கும் சுவரும் வார்ட்ரோபின் முதுகுப் பலகையும் நனைந்துபோகின்றன, ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் நனைகிற மாதிரி. போதாததற்கு மழை நாளில் துணியையும் அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுகிறோம். மெஷினில் பிழிந்தெடுத்த ஒரு நடைத் துணியில் ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கும், அது காய்கிறது என்றால் அவ்வளவும் உங்கள் அறைக் காற்றில்தான் கலக்கிறது.

இதில் எது என்று பிரிக்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சமையலறையில் இருக்கும் அலுமினியம் ஃபாயிலில் ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டி, கறுக்காத ஆனால் அதே சுவரின் ஒரு பகுதியைத் துடைத்துவிட்டு, அதன்மேல் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். பிரித்துப் பார்க்கும்போது சுவரைத் தொட்ட பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டுமே, பழைய கட்டடங்களில் அதுவும் நடக்கிறது. கூடவே ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கைவாட்டில் அடித்துப் பாருங்கள், நேர் வெளிச்சத்தில் தெரியாத உப்பல்கள் எல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல பூச்சு கெட்டியாகக் கேட்கும், விட்டுப்போன பூச்சு டொக்கு டொக்கென்று கூடாகக் கேட்கும். வெள்ளையாகப் பூத்திருப்பதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். கரைந்து காணாமல் போனால் அது உப்பு, பூஞ்சை இல்லை. ஆனாலும் உள்ளே தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு அதுவும் சாட்சிதான்.

அந்தப் பழுப்புக் கோட்டைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்குப் பூஞ்சையைவிட அதுதான் கவலை. சீலிங் ஓரமாக நேர்கோடாக வருகிற பழுப்பு, பெரும்பாலும் ஸ்லாப்புக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிப்பதன் அடையாளம். கடல் காற்றின் உப்பும் கசிகிற தண்ணீரும் சேர்ந்தால் கம்பி சீக்கிரம் துருவேறும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளிப் பிளக்கும், பிறகு ஒரு நாள் பாளமாக விழும். அதன் கீழே கட்டில் இருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள். மகாராஷ்டிர சொசைட்டிகளின் (வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்களின்) மாதிரி விதிகளில் 15 முதல் 30 வருடம் ஆன கட்டடத்துக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறையும், 30 வருடத்தைத் தாண்டியதற்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறையும் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் (கட்டடத்தின் உறுதியைச் சோதிப்பது) செய்ய வேண்டும் என்று இருக்கிறது. கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று செக்ரட்டரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

எழுத்தில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளிச்சுவர், மொட்டைமாடி, பொதுக் குழாய் இவற்றால் வரும் கசிவைச் சரிசெய்வது சொசைட்டியின் பொறுப்பு. மேல்வீட்டு பாத்ரூமின் உட்பக்கக் கசிவு அந்த வீட்டுக்காரரின் பொறுப்பு. எது என்று தெரியாமல் நீங்களே உள்ளே 68,000 செலவு செய்தால், சொசைட்டி செய்ய வேண்டிய வேலைக்கு நீங்கள் பணம் கட்டியதாகிவிடும், அதுவும் வேலை நடக்காமலே. தேதியோடு போட்டோ எடுத்து, கடிதத்தோடு சொசைட்டி ஆபீஸில் கொடுத்து, உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான இன்வர்ட் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது கணக்கில் வராது.

இப்போது ஆளைக் கூப்பிடுவது. வருகிறவர் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சுவரைக் கையால் தொட்டுவிட்டு விலை சொல்கிறாரா, அல்லது கீழே இறங்கிப் போய்க் கட்டடத்தை வெளியிலிருந்து அண்ணாந்து பார்க்கிறாரா? கையில் ஈரம் அளக்கும் மீட்டர் இருக்கிறதா? அதை வைத்துக் கறுத்த சுவரையும், அதே வீட்டில் காய்ந்த உட்சுவர் ஒன்றையும் அளந்து ஒப்பிடுகிறாரா? மேல்வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறாரா? பரிசோதனைக்கு மட்டும் தனியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு, காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒரு சிவில் என்ஜினீயர் கிடைத்தால் அவரை முதலில் கூப்பிடுங்கள். மருந்து விற்கிறவரே சோதனையும் செய்தால் அவர் விற்கிற மருந்துக்கு ஏற்ற வியாதிதான் வரும், உங்களுக்கு வந்ததே அதுதான். காற்றில் எத்தனை விதை இருக்கிறது என்று எண்ணித் தருகிற டெஸ்டுக்கும் பணம் கொடுக்க வேண்டாம். சுவரில் கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்குத் தெரிகிறது, அது போதும்.

புகை மருந்து மட்டும் அடித்துவிட்டுப் போகிற வேலை எனக்குச் சம்மதமே இல்லை. மேலாக இருப்பது கொஞ்சம் சாகும், ஆனால் செத்த பூஞ்சையும் அலர்ஜியைக் கிளப்பும், அதைத் துடைத்தோ சுரண்டியோ எடுத்தாக வேண்டும். விலைச்சீட்டில் இருக்க வேண்டியது வேறு: எத்தனை சதுர அடிப் பூச்சை எந்த ஆழம் வரை கொத்தி எடுப்பார், கொத்தும்போது வாசலுக்கு பிளாஸ்டிக் ஷீட் கட்டித் தூசி மற்ற அறைக்குப் போகாமல் எப்படித் தடுப்பார், எந்தப் பொருள் எந்தக் கம்பெனி, மீட்டரில் எந்த அளவு வந்த பிறகு பூசுவார், பூசிய பிறகு எத்தனை நாள் விட்டு பெயின்ட் அடிப்பார். புதுப் பூச்சு இறுகுவதற்கு ஏழு நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும், பெயின்டுக்கு நாலு வாரம் காத்திருப்பது நல்லது. போன தீபாவளிக்கு முன்னால் உங்கள் வீட்டில் நடந்த தப்பு இங்கேதான் என்று நினைக்கிறேன். மழை குடித்த சுவர் காய்வதற்குள் மேலே தண்ணீர் புகாத பெயின்டைப் போர்த்திவிட்டார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே வர வழியில்லாமல் பெயின்டைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. அந்தக் கொப்புளத்தைக் குத்திப் பார்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தாலும் வரும்.

வாரன்டி என்றால் எதற்கு என்று கேளுங்கள், பெயின்டுக்கா, கசிவுக்கா? கசிவுக்கு என்று எழுதித் தராத வாரன்டி உங்களுக்கு உதவாது. பணத்தை ஒரே தடவையில் கொடுக்காமல், பத்திலிருந்து இருபது சதவீதத்தை அடுத்த மழையில் ஒரு மாதம் பார்த்துவிட்டுத் தருவதாகப் பேசுங்கள். வேலையில் நம்பிக்கை உள்ளவர் ஒத்துக்கொள்வார். வெளிச்சுவர் வேலையை மழையில் செய்ய முடியாது, செய்கிறேன் என்று யாராவது சொன்னால் அனுப்பிவிடுங்கள். நவம்பருக்கு மேல் தொடங்கி மே மாதத்துக்குள் முடிய வேண்டும்.

அதுவரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கறுப்பு மொத்தமாக மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருந்தால் நீங்களே துடைக்கலாம், அதைத் தாண்டினால் ஆள் வைத்துச் செய்யுங்கள். ஆனால் மாமியாரும் மகனும் அந்த நேரத்தில் வீட்டிலேயே இருக்க வேண்டாம். என்95 மாஸ்க், ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. ஃபேனை அணைத்து, அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது, விதை வீடு முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்து, பழைய துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிட்டு, சுவரை நன்றாகக் காயவிடுங்கள். ப்ளீச் டைல்ஸில் வேலை செய்யும், சுவரில் அவ்வளவாக இல்லை. அதன் தண்ணீரை மட்டும் பூச்சு இழுத்துக்கொள்ளும், மருந்து மேலேயே நின்றுவிடும். எதைச் செய்தாலும் ப்ளீச்சோடு டாய்லெட் கழுவும் ஆசிட்டைக் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

வார்ட்ரோபைச் சுவரிலிருந்து மூன்று நாலு அங்குலம் தள்ளி வைக்க முடிந்தால் வையுங்கள். சுவரோடு அறைந்ததாக இருந்தால் முதுகுப் பலகையைக் கழற்றிப் பார்ப்பது நல்லது, பிளைவுட் பொதபொதவென்று இருந்தால் அதைக் காப்பாற்ற முயற்சி செய்யாதீர்கள். ஏசியை 20-க்குப் பதில் 26-இல் 'டிரை' மோடில் ஓட்டுங்கள். துணியை பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, கதவைச் சாத்திக் காயப்போடுங்கள். ஈரம் இழுக்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் மூடிய அலமாரிக்குள் நன்றாகவே வேலை செய்கின்றன, தண்ணீர் நிறைந்ததும் கவனமாகக் கொட்ட வேண்டும், துணிமேல் சிந்தினால் கறை போகாது. அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு இல்லை.

கூறைப்புடவையைத் தண்ணீரில் நனைக்காதீர்கள். பால்கனிக்குக் கொண்டுபோய், மாஸ்க் போட்டுக்கொண்டு, மெல்லிய உலர்ந்த பருத்தித் துணியால் மடிப்பு மடிப்பாகத் தட்டிவிட்டு, மழை விட்ட நாளாகப் பார்த்து நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். நேர் வெயில் பட்டால் பட்டின் நிறம் வெளுக்கும். அப்புறம் பட்டுக்கென்று டிரை வாஷ் செய்கிற இடத்தில் கொடுங்கள், பூஞ்சை பட்டது என்று சொல்லியே கொடுங்கள். திரும்பி வந்ததும் பிளாஸ்டிக் கவரில் வைக்காமல் பழைய வேட்டித் துணியில் சுற்றி, வேறு அறையில் வையுங்கள். ஜரிகை கறுக்காமல் இருக்க மாதம் ஒரு முறை மடிப்பை மாற்றி மடித்துவிடுங்கள்.

ஃபாயிலில் எந்தப் பக்கம் நனைந்தது, மேல்வீட்டில் சாயத் தண்ணீர் தேக்கியதில் என்ன தெரிந்தது, இரண்டையும் எழுதுங்கள். அந்தப் பழுப்புக் கோட்டைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஓரமாக ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் நீளம் அகலம் எனக்குப் புரியும்.